அந்தக் கோப்பையைக் கவிழ்க்காதே!

செத்துப்போனவனோட கோப்பை ஏன் இன்னும் நிமிர்ந்தே இருக்கு?

யாங்சோம் வாய்விட்டுக் கேட்கவில்லை. மனசுக்குள்தான் கேட்டுக்கொண்டாள்.

சமையலறைப் பலகையில் நான்கு கோப்பைகள்.

அவளுடைய மரக்கோப்பை. அண்ணன் தார்கேயின் மரக்கோப்பை. அவள் வழிகாட்டி அழைத்து வந்த வெள்ளைக்காரி மரைகாவின் சிவப்பு எனாமல் கோப்பை. கடைசியாக, காது உடைந்த ஒரு நீல எனாமல் கோப்பை.

யோஸ்டின் கோப்பை!

மரைகாவின் புருஷன் யோஸ்ட் ஆற்றில் விழுந்து இரண்டு நாள் ஆகிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன் செத்தால் முதல் காரியம் அவன் கோப்பையைக் கவிழ்ப்பதுதான். அழுகை கூட அப்புறம். உயிரோடு இருப்பவன் கோப்பையைத் தூக்கக்கலக்கத்தில் கூட யாரும் கவிழ்க்க மாட்டார்கள். கவிழ்த்தால், 'நீ செத்துப் போ' என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

யோஸ்ட் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் தார்கே. இன்று காலை கோப்பைகளைக் கழுவியவனும் தார்கே. நீலக் கோப்பையைத் துடைத்து, வாய் மேலே பார்க்க, பத்திரமாக எடுத்து வைத்தவனும் அவனே.

ஏன்?

"யாங்சோம்... எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் மரைகா. அழுது அழுது வீங்கிய கண்கள். தோளில் பை. கிளம்பத் தயாராக நின்றாள்.

"பனி கொட்டுது மேடம்..."

"அதனாலதான் கேக்கறேன். மத்தியானத்துக்குள்ள கணவாயைத் தாண்டலைன்னா அப்புறம் தாண்டவே முடியாதுன்னு நீதானே சொன்னே?"

சொன்னாள்தான். தெற்கே ஒரே ஒரு கணவாய். கார்த்திகை பிறந்ததும் அது மூடிவிடும். வடக்கே எல்லை. அந்தப் பக்கம் போனால் துப்பாக்கி. ஊர்க்காரர்கள் யாக்குகளை ஓட்டிக்கொண்டு கீழ்க்கிராமத்துக்கு இறங்கியாயிற்று. பூட்டிய வீடுகள். அவற்றில் ஒன்றின் சாவி யாங்சோமிடம்; அதில்தான் தங்கியிருந்தார்கள்.

சாட்டிலைட் போன்? அது யோஸ்டின் பையில் இருந்தது. பை ஆற்றில்.

மரைகா ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போடு. செக்போஸ்ட்டுல காட்டணும்."

யாங்சோம் படித்தாள். 'என் கண்ணெதிரே கால் வழுக்கி ஆற்றில் விழுந்து இறந்தார்... இப்படிக்கு வழிகாட்டி.'

"என் கண்ணெதிரே இல்லையே மேடம்? அண்ணன்தானே பார்த்தார்?"

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரெண்டுத்துக்கும் என்ன வித்தியாசம்? நீயும் அவரும் ஒரே வீடுதானே?"

"யோசிச்சு சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு? செத்தது என் புருஷன். உன் புருஷனா?"

அந்த வார்த்தை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அவள் புருஷனிடமிருந்து ஆறு வருஷமாக ஒரு வரி இல்லை. அவள் வீட்டுப் பலகையிலும் ஒரு கோப்பை இருக்கிறது. நிமிர்ந்தே இருக்கிறது. ஊர்ப்பெண்கள் வரும்போதெல்லாம் அதை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

நடையின் மூன்றாம் நாள் கூடாரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் மரைகாவிடம் சொன்னது அவள்தான். அன்று மரைகா கோப்பைகளைக் கழுவி, காய்வதற்காகக் கவிழ்த்து வைத்தாள். தார்கே பாம்பை மிதித்தவன் மாதிரி குதித்தான்! யோஸ்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லவேளை காப்பாத்துனீங்க!" என்று அவன் தோளில் தட்டினார்.

அந்தத் தார்கேயா இன்று கோப்பையைக் கவிழ்க்க மறந்தான்?

*

தொழுவத்தில் தார்கே கோவேறு கழுதைகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். கழுத்து மணிகள் பனியில் மந்தமாக ஒலித்தன.

"அண்ணே..."

"என்ன தங்கச்சி? சீக்கிரம் கிளம்பச் சொல்லு அந்தம்மாவை. கழுதைக்கே மூக்கு உறைஞ்சு போச்சு."

"அவர் எந்த இடத்துல விழுந்தார்?"

"எத்தனை தடவைடீ கேப்பே? மந்திரக்கல் அடுக்கின மணிச்சுவரைத் தாண்டி, துறவிங்க குகைக்குப் போற பாதையில. யோஸ்ட் சார் போட்டோ எடுக்கத் திரும்பினார். யோஸ்ட் சார் கால் வழுக்கிடுச்சு. யோஸ்ட் சாரை நான் பிடிக்கறதுக்குள்ள..."

மூன்று தடவை!

செத்தவன் பெயரை நாற்பத்தொன்பது நாள் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். கூப்பிட்டால் போகிற உயிர் திரும்பிப் பார்க்குமாம். அப்பா செத்தபோது இதே தார்கே, பெயரைச் சொல்லிவிட்ட பக்கத்து வீட்டுக்காரனை அடிக்கப் போனவன்.

"அண்ணே... நீ நல்லா தூங்கினியா?"

"நல்லாத்தான் தூங்கினேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. கண்ணெதிர ஒரு ஆள் செத்திருக்காரே... அதான் கேட்டேன்."

தார்கே குனிந்து கயிற்றை இறுக்கினான். தேவைக்கு மேல் இறுக்கினான். கழுதை கனைத்தது.

"போய் டீயைப் போடு... போ!"

*

யாங்சோம் திரும்பி வந்தபோது சமையலறையில் யாரும் இல்லை.

பலகையைப் பார்த்தாள்.

நீலக் கோப்பை... கவிழ்ந்திருந்தது!

வாசல் இருண்டது. பனியை உதறிக்கொண்டே தார்கே உள்ளே வந்தான். கையை அடுப்பில் நீட்டினான். தலையை நிமிர்த்தினான்.

அடுத்த கணம் வீடே அதிரக் கத்தினான்.

"அய்யோ! யாருடீ இதைக் கவிழ்த்தது?"

ஒரே பாய்ச்சல். கோப்பையைப் பறித்து நிமிர்த்தினான். துடைத்தான். கெண்டியிலிருந்து வெண்ணெய் டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றினான்.

"உயிரோட இருக்கற மனுஷன் கோப்பையைப் போய்... அடிப்பாவி, உனக்கு அறிவு இருக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவன் காதில் விழுந்தது.

அடுப்பில் சாணி வறட்டி படபடத்தது.

"உயிரோட இருக்கற மனுஷனா?" யாங்சோம் மெல்லக் கேட்டாள்.

"இல்ல... அது வந்து..."

"அண்ணே. பொய்யை நீ வாயால சொல்லிட்டே. ஆனா உன் கை சொல்ல மாட்டேங்குது. உக்காரு. சொல்லு."

தார்கே உட்கார்ந்தான். இல்லை, சரிந்தான்.

"குகையில இருக்கார்..." குரல் கம்மியது. "அவங்க ஊருல அவர் கட்டுன பாலம் விழுந்துருச்சாம். ஏழு பேர் காலி. அடுத்த மாசம் தீர்ப்பாம். திரும்பிப் போனா ஜெயில்தான். இங்கயே செத்துட்டதா ஆகிட்டா கேஸும் செத்துடும்னார். எல்லாரும் நம்பணும்னு பையையும் போனையும் நிஜமாவே ஆத்துல எறிஞ்சுட்டார். நாலு நாள் சாப்பாடு மேல வெச்சுட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் நான் பின்தங்கி, அவரைக் கூட்டிட்டு ஆட்டுப்பாதை வழியா உங்க பின்னாலயே கணவாய்க்கு..."

"உனக்கு என்ன?"

"என் பொண்ணைக் காட்மாண்டுல படிக்க வைக்கறேன்னார். நான் யார் உயிரையும் எடுக்கலையே யாங்சோம்? ஒரு பொய்தானே சொன்னேன்?"

"பின்தங்கறதா இருந்தா எல்லாக் கழுதைக்கும் ஏன் சேணம் கட்டறே?"

"அந்தம்மாதான் சொல்லுச்சு. பனி அதிகமாயிட்டதால நானும் கூட வரணுமாம். கணவாயில விட்டுட்டுத் திரும்பிக்கலாமாம்."

"கணவாய் ஏறவே மத்தியானம் ஆகிடும். அப்புறம் அது மூடிடும். எப்படித் திரும்புவே?"

தார்கே வாசல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்தான்.

யாங்சோம் நீலக் கோப்பையையே பார்த்தாள். ஆவி பறந்தது.

அண்ணனும் அந்தப் பெண்ணும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். ஆனால் அவன் கோப்பையை நிமிர்த்தி வைக்கிறான். அவள் கவிழ்த்து வைக்கிறாள். அர்த்தம் தெரிந்தே கவிழ்த்து வைக்கிறாள்.

இவனுக்கு அது பொய்.

அவளுக்கு?

நேற்றைய சாயங்காலம் சட்டென்று நினைவுக்கு வந்தது. நேற்றுக் காலையில் மரைகா தனியாகப் போனாள். புருஷன் விழுந்த இடத்தில் வெள்ளைத் துண்டு சாத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பியபோது உள்ளங்கை முழுக்கச் சிராய்கள். ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டவள் யாங்சோம். 'பாறையில கையை ஊணிட்டேன்' என்றாள்.

பாறையில் மரச்சிராய் எப்படி?

இந்தப் பள்ளத்தாக்கில் மரமே கிடையாது! ஒரு விட்டம் வேண்டுமென்றால் நான்கு நாள் நடந்து கீழிருந்து சுமந்து வர வேண்டும். வீட்டு ஏணி பைன் மரம். நூறு வருஷம் கால் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும். எடுத்த சிராய்களோ சிவப்பு. ஜூனிபர் மரத்துச் சிவப்பு.

ஜூனிபர் ஏணி இங்கே ஒன்றே ஒன்றுதான். படிகள் செதுக்கிய ஒற்றைத் தடி. துறவிகளின் குகைக்கு ஏறும் ஏணி!

"அண்ணே!" எழுந்தே விட்டாள். "சுமைக் கயிறு எல்லாத்தையும் எடு. குகைக்கு ஓடு!"

"ஏன்?"

"ஏணி இருக்காது."

தார்கேயின் முகம் வெளுத்தது.

"கீழயிருந்து ஏற முடியாதேடீ! மூணு ஆள் உசரம்... நேர் பாறை!"

"மேல போ. துறவிகளுக்கு மாவு இறக்கற ஓட்டை இருக்கு இல்ல? சின்ன வயசுல நீதானே அது வழியா என்னை இறக்கிவிட்டு அழ வெச்சே? அது வழியாக் கயிறு விடு. ஏதாவது ஆச்சுன்னா விசில் அடி. ஓடு!"

அவன் ஓடினான்.

*

கதவு சாத்தப்படும் சத்தம்.

தாழ்ப்பாள் விழும் சத்தம்.

யாங்சோம் திரும்பினாள். மரைகா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கையில் பனிக்கோடரி.

கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"உங்க அண்ணன் எங்க போறார்?"

"கழுதை ஒண்ணு அவுத்துக்கிட்டு ஓடிடுச்சு மேடம்."

"அத்தனை கயித்தோடவா தேடுவாங்க?" மரைகா சிரித்தாள். "எனக்கு உங்க பாஷை புரியாது. ஆனா மூஞ்சி புரியும். கோப்பையை நிமிர்த்திட்டீங்க போலிருக்கே?"

"நீங்கதான் கவிழ்த்தீங்களா?"

"ஆமா. காலையிலேர்ந்து நீ அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தே. அப்பத்தான் நீ சொன்ன வழக்கம் ஞாபகம் வந்துச்சு. உங்க அண்ணன் தப்புப் பண்ணிட்டார், சரிபண்ணிடலாம்னு நினைச்சேன்." பெருமூச்சு விட்டாள். "சரிபண்ணது தப்பாப் போச்சு."

"ஏணி எங்க மேடம்?"

"ஆத்துல. கனம்! ஒரு மணி நேரம் ஆட்டி ஆட்டித்தான் தள்ளினேன். உள்ள அவன் தூங்கிட்டிருந்தான். எப்பவுமே நல்லாத் தூங்குவான். பாலம் விழுந்த அன்னிக்கும் நல்லாத் தூங்கினான்."

யாங்சோமின் கால் பின்னால் நகர்ந்தது. அடுப்பு இடித்தது. ஒரே கதவு. ஒரே ஆள். புகைப்போக்கித் துவாரம் வழியாகப் பனி உள்ளே உதிர்ந்து, கெண்டி மேல் விழுந்து, 'ஸ்ஸ்' என்றது.

"ஏன் மேடம்? ஜெயிலுக்கு அனுப்பியிருக்கலாமே?"

"ஜெயிலுக்குப் போயிருந்தா விட்டுட்டு வந்திருப்பேன். அவன் வேற கேட்டான். வேற பேர். வேற நாடு. நானும் கூடவே வரணுமாம். என் அம்மா கிட்ட பேசக்கூடாது. தங்கச்சி கிட்ட பேசக்கூடாது. கதவு தட்டினா ஒளிஞ்சுக்கணும். ஆயுசு பூரா! அவனுக்கு ஜெயில் வேண்டாம். அதுக்காக எனக்கு ஜெயில்." கோடரியின் கூர்முனை தரையில் கோடு கிழித்தது. "எனக்குப் புருஷன் செத்தாலும் பரவாயில்ல யாங்சோம். செத்த மாதிரி நடிக்கற புருஷன்தான் வேண்டாம்."

ஒரு கணம்... ஒரே ஒரு கணம், யாங்சோமுக்கு அது புரிந்தது. புரிந்ததே பயமாக இருந்தது. ஆறு வருஷம். எத்தனை காலைகளில் அவள் கையும் அந்தக் கோப்பையை நோக்கிப் போயிருக்கிறது? கவிழ்த்தால் ஊர் வந்து அழும். சாங்கியம் முடியும். அப்புறம் அவள் யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தயக்கத்தை மரைகா பார்த்துவிட்டாள். குரல் கனிந்தது.

"உனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியலைன்னாலும் உனக்குத் தெரியும். நீயும் உன் வீட்டுக் கோப்பையைக் கவிழ்த்துடு. விடுதலை!"

காகிதத்தைத் தரையில் வைத்தாள். பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"நல்லா யோசி. அவன் உயிரோட வந்தா, பொய்ச்சாவு சொன்ன குத்தத்துக்கு உங்க அண்ணன் உள்ள போவார். உன் லைசென்ஸும் போகும். அவன் வரலைன்னா... அது ஒரு விபத்து. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம். ஒரு கையெழுத்து. அப்புறம் கணவாய். அவ்வளவுதான்."

யாங்சோம் குனிந்தாள். பேனாவை எடுத்தாள்.

மரைகாவின் தோள்கள் தளர்ந்தன.

யாங்சோம் பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். காகிதத்தை நாலாக மடித்தாள். இரண்டையும் மரைகாவின் கையில், சிராய் எடுத்த அதே கையில், வைத்தாள்.

"மாட்டேன் மேடம்."

"உங்க அண்ணன்?"

"தப்புப் பண்ணார். ஜெயிலுக்குப் போய்ட்டு வருவார். வர்ற வரைக்கும் அவர் கோப்பையை நான் துடைச்சு வைப்பேன்."

"உன் வீட்டுக் கோப்பை?"

"அதுவும் நிமிர்ந்தே இருக்கட்டும். தூசிதானே விழுது? கழுவிக்கலாம்."

மரைகாவின் விரல்கள் கோடரியை இறுக்கின. கோடரி உயர்ந்தது. இடுப்பு வரை... மார்பு வரை...

யாங்சோம் நகரவில்லை. நகர இடமும் இல்லை.

"என்னை அடிச்சா வழி யார் காட்டுவா மேடம்? வெளியே பாருங்க. உங்க கால்தடம் கூட உங்களுக்குத் தெரியாது."

அப்போதுதான் கேட்டது.

மலைச்சரிவிலிருந்து ஒரு விசில்!

நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

யாங்சோம் கண்ணை மூடித் திறந்தாள். மூடிய இமைக்குள் சூடாக ஏதோ நிரம்பியது.

"என்னது அது?" மரைகாவின் குரல் கீச்சிட்டது. "என்ன அர்த்தம்?"

"கழுதைக்காரங்க விசில். 'சுமையைக் கட்டியாச்சு, பத்திரமா இறக்கறேன்'னு அர்த்தம்."

கோடரி தரையில் விழுந்தது.

மரைகா தாழ்ப்பாளைப் பிடுங்கினாள். கதவைத் திறந்தாள். வெள்ளை! முற்றம் இல்லை. சுவர் இல்லை. மணிச்சுவர் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. ஓர் அடி வைத்தாள். தொடை வரை புதைந்தாள்.

"கணவாய்க்கு... கணவாய்க்காவது என்னைக் கூட்டிட்டுப் போ! இப்பவே!"

"மூடியாச்சு மேடம்."

"எப்பத் திறக்கும்?"

"மே மாசம்."

"ஆறு மாசமா!"

"பார்லி இருக்கு. வறட்டி இருக்கு. கீழ்க்கிராமத்துல ஜனங்க இருக்காங்க. பள்ளத்தாக்குக்குள்ள எங்க வேணும்னாலும் நடக்கலாம். வெளிய மட்டும்தான் போக முடியாது."

"யாரோட? ஆறு மாசம் நான் யாரோட...?"

"உங்க வீட்டுக்காரரோடதான் மேடம்."

மரைகா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். தூரத்தில், பனித்திரைக்குள், இரண்டு கறுப்பு உருவங்கள். ஒன்று இன்னொன்றைத் தாங்கிக்கொண்டு வந்தது. தாங்கப்பட்டது நொண்டியது. நொண்டிக்கொண்டே டச்சு மொழியில் கத்தியது. என்ன கத்துகிறதென்று யாங்சோமுக்குப் புரியவில்லை. மரைகாவின் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

நெடுநேரம் கழித்து மரைகா எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். தலைமுடியை ஒதுக்கினாள். குரலில் பழைய குடும்பப் பாங்கு.

"பாவம், விறைச்சுப் போய் வருவான். யாங்சோம்... அந்தக் கெண்டியைக் கொடேன். அவனுக்கு நானே டீ ஊத்தித் தரேன்."

யாங்சோம் நீலக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கெண்டியையும்தான்.

"வேண்டாம் மேடம்! மே மாசம் வரைக்கும் டீ டிபார்ட்மென்ட் என்னோடது!"